குளொக்சசிலினே குடிக்காத வாப்பாவுக்கு குளொக்சசிலினுக்குக் கேட்காத கிருமி வந்தது எப்படி?

அக்கரைப்பற்றிலிருந்து கேட்டிருக்கும் மகளுக்கு, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். வாப்பாவுக்கு நீரிழிவு. வயலில் மண்வெட்டி பட்டுக் காலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. கிளினிக்கில் சீழ் எடுத்துக் கல்ச்சர் செய்ததில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்ததில், 'ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ், எம்ஆர்எஸ்ஏ' (மெதிசிலின் என்ற மருந்துக்குக் கேட்காத வகை) என்று வந்திருக்கிறது. பெனிசிலின், குளொக்சசிலின், எரித்ரோமைசின், கிளிண்டமைசின், சிப்ரோபிளொக்சசின் என்ற ஐந்து மருந்துக்கும் நேரே 'ஆர்', அதாவது கேட்காது. வாப்பா குளொக்சசிலினைக் கண்ணாலும் கண்டதில்லை. பார்மசியில் வாங்கிய அமொக்சிசிலின் நாலு நாள், அந்தக் கெப்சியூலை உடைத்துப் புண்ணில் தூவியது, பிறகு சிப்ரோபிளொக்சசின் ஒரு கிழமை, இவ்வளவுதான் வீட்டில் பாவித்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற நீங்கள் கேட்பது, இந்த விகாரம், அதாவது டிஎன்ஏ மாற்றம், எங்கே, எப்போது நடந்தது என்று. அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது: நாங்கள்தான் இதை உண்டாக்கினோமா?

நான் டொக்டர் இல்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட மட்டக்களப்புப் பக்கத்து ஆய்வுகூடங்களில் கிருமி வளர்த்த தட்டுப் பார்த்த எம்எல்டி, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். அதனால் வாப்பாவுக்கு எந்த மருந்து என்று நான் சொல்லப்போவதில்லை. அது அவருடைய புண்ணையும் சிறுநீரகத்தையும் பார்த்த டொக்டரின் வேலை. கிருமிக்குள் என்ன நடந்தது என்பதையும், அந்த ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்பதையும் சொல்லலாம்.

முதலில் ஒரு விஷயம். அந்த ஐந்து 'ஆர்'களும் ஒரே சம்பவம் இல்லை. குறைந்தது மூன்று வெவ்வேறு கதைகள் ஒரே தாளில் வரிசையாக நிற்கின்றன. உண்மையான விகாரம் என்று பாடப்புத்தகப்படி சொல்லக்கூடியது சிப்ரோபிளொக்சசின் வரி ஒன்றுதான். உங்களைப் பயமுறுத்திய குளொக்சசிலின் வரி, கண்டிப்பாகச் சொன்னால், விகாரமே இல்லை. அது வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒரு பரம்பரையலகு (ஜீன்).

சிப்ரோபிளொக்சசினில் தொடங்குவோம், அதுதான் நேரான கதை. ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸின் டிஎன்ஏ ஏறத்தாழ 28 இலட்சம் காரங்கள், அதாவது எழுத்துகள், கொண்டது. கலம் பிரியும்போதெல்லாம் இது முழுவதும் படியெடுக்கப்படுகிறது. எழுத்துப் பிழை மிக அரிது. ஆயிரம் பிரிவுக்கு மூன்று நாலு பிழை என்ற அளவில்தான் பக்டீரியாக்கள் பொதுவாக விடுகின்றன. ஆனால் பிரிவுகளின் தொகையைப் பாருங்கள். நல்ல சூடும் சாப்பாடும் கிடைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் ஒன்று இரண்டாகும். பத்து மணித்தியாலத்தில் ஒரு கலம் பத்து இலட்சம். சீழ் கட்டிய புண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் எந்த இடத்தில் பிழை வேண்டுமென்று கேட்டாலும் அநேகமாக யாராவது ஒருவரிடம் அது ஏற்கெனவே இருக்கும். சிப்ரோபிளொக்சசின் தாக்குவது, டிஎன்ஏயின் முறுக்கை அவிழ்க்கும் இரண்டு நொதியங்களை. ஸ்டெபிலோகொக்கஸில் முதலில் மாறுவது டொப்போஐசொமரேஸ் 4 என்ற நொதியம். அதன் 80-வது இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். சைற்றோசின் என்ற ஒரேயொரு எழுத்து தைமினாக மாறினால் அங்கே பீனைல்அலனின் வந்து உட்காரும். மருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் வழுக்கிவிடும். இந்த ஒரு மாற்றத்தால் கிருமி பாதி தப்பும். பிறகு டிஎன்ஏ கைரேஸில் 84-வது இடத்துச் செரீன் லியூசினாக மாறினால் முழுக்கத் தப்பும். 28 இலட்சத்தில் இரண்டு எழுத்து!

இனி எல்லாரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம். மருந்து பட்டதால் கிருமி மாறவில்லை. மாறிய கிருமி முதலிலேயே இருந்தது. மருந்து மற்றவர்களை அழித்து அதற்கு இடம் விட்டது. இதை 1943-ல் லூரியாவும் டெல்புரூக்கும் பக்டீரியாவைத் தாக்கும் வைரசை வைத்துக் காட்டினார்கள். 1952-ல் லெடர்பெர்க் தம்பதியினர் செய்த சோதனை இன்னும் அழகு. வெல்வெட் துணியால் ஒரு தட்டிலுள்ள குடியேற்றங்களை (கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை) ஒற்றி, அதே ஒழுங்கில் வேறு தட்டுகளில் பதித்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் உள்ள தட்டில் தப்பியவை எவையென்று பார்த்து, மருந்தையே காணாத முதல் தட்டில் அதே இடத்துக் குடியேற்றத்தை எடுத்தார்கள். அதற்கும் மருந்து கேட்கவில்லை. உங்கள் வயலில் களைநாசினி அடித்த பிறகு நிற்கிற ஒரு களையை நினைத்துப் பாருங்கள். களைநாசினி அதைப் படைக்கவில்லை, அதற்குச் சூரிய வெளிச்சத்தை மிச்சம் விட்டது. பரீட்சையில் 'மருந்தினால் விகாரம் ஏற்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் ஒரு நுணுக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. சிப்ரோபிளொக்சசின் டிஎன்ஏயையே உடைக்கிற மருந்தாகையால், கிருமி அவசரமாகத் திருத்த வேலை செய்யும்போது பிழைகள் கூடுகின்றன. இது ஆய்வுகூடத்தில் உறுதியாகக் கண்டது. ஒரு நோயாளியின் உடம்பில் இது எவ்வளவு தூரம் கணக்கில் வருகிறது என்பதில்தான் இன்னும் விவாதம் இருக்கிறது.

பெனிசிலின் வரியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிளேமிங் 1928-ல் பெனிசிலினைக் கண்டதே ஸ்டெபிலோகொக்கஸ் வளர்ந்த தட்டில்தான். 1942-லேயே பெனிசிலினுக்குக் கேட்காத ஸ்டெபிலோகொக்கஸை அறிவித்துவிட்டார்கள். காரணம் பெனிசிலினை வெட்டுகிற ஒரு நொதியம். அதன் பரம்பரையலகு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனியான சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கும், கலத்துக்குக் கலம் கைமாறும். இன்று உலகம் முழுவதும் பத்தில் ஒன்பது ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸிடம் இது உண்டு; உங்கள் மூக்கில் இருப்பதிடமும் என் மூக்கில் இருப்பதிடமும் அநேகமாக இருக்கும். அமொக்சிசிலினையும் இதே நொதியம் வெட்டிவிடும். அதனால் வாப்பாவின் புண்ணில் தூவிய கெப்சியூல் தூள் இந்தக் கிருமிக்கு மா தூவிய மாதிரிதான். ரிப்போர்ட்டில் பெனிசிலின் 'ஆர்' என்று வந்தால் நாங்கள் ஆய்வுகூடத்தில் திரும்பியும் பார்ப்பதில்லை. 'எஸ்', அதாவது கேட்கும் என்று வந்தால்தான் தட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்ப்போம்.

குளொக்சசிலின் கதைதான் பெரிது. கிருமியின் கலச்சுவரை மருதமுனைத் தறியில் ஓடுகிற துணியாக நினையுங்கள். நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் பாவு. அவற்றைக் குறுக்கே கோக்கும் சிறு பெப்டைட்டுகள் ஊடை. கோக்கிற கைகள் சில புரதங்கள். ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸுக்குச் சொந்தமாக நாலு. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றிலும் ஒரு சிறு நாற்கோண வளையம் இருக்கிறது. கோக்க வேண்டிய நூல்முனையின் சாயல் அதற்கு உண்டு. கை ஏமாந்து மருந்தைப் பிடிக்கும், பிடித்த கை ஒட்டிக்கொள்ளும். நெசவு நின்றுவிடும், சுவர் பிய்யும், கலம் வெடிக்கும். குளொக்சசிலினில் செய்த புத்தி என்னவென்றால், வெட்டுகிற நொதியம் கிட்ட வராதபடி அந்த வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பருமனான பகுதியைக் கட்டிவிட்டது. அதன் அண்ணன் மெதிசிலின் 1959-ல் வந்தது. 1961-ல் இங்கிலாந்தில் பற்றீசியா ஜெவன்ஸ் என்பவர், அதற்கும் கேட்காத ஸ்டெபிலோகொக்கஸைக் கண்டதாக எழுதினார். மெதிசிலினை இன்று யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை, எம்ஆர்எஸ்ஏ என்ற பெயரில் மட்டும் அந்த 'எம்' நிற்கிறது.

அந்தக் கிருமி வளையத்தை வெட்டவுமில்லை, தன் நாலு கைகளையும் மாற்றவுமில்லை. ஐந்தாவதாக ஒரு கையைக் கடன் வாங்கிக்கொண்டது. பிபிபி 2ஏ என்று அதற்குப் பெயர், அதைச் செய்கிற பரம்பரையலகு மெக்ஏ. இந்தக் கையின் உள்ளங்கை மூடியே இருக்கும். நூல்முனை வரும்போது திறக்கும், மருந்து வந்தால் இலேசில் திறக்காது. மற்ற நாலும் ஒட்டிக்கொண்டு கிடக்க, இது தனியே நெசவை ஓட்டும். குளொக்சசிலின் மட்டுமல்ல, அமொக்சிசிலின், செபலெக்சின், செபுரொக்சிம் என்று அந்தக் குடும்பமே ஏறத்தாழ முழுவதும் பயனற்றுப் போவது இதனால்தான். இவ்வளவையும் ஒரு எழுத்துப் பிழையால் உண்டாக்க முடியாது. ஒரு முழுப் பரம்பரையலகு, தன்னைத் தானே வெட்டி ஒட்டும் கருவிகளோடு, நிறமூர்த்தத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து செருகிக்கொள்கிறது. விலங்குகளின் தோலில் வாழும் வேறு ஸ்டெபிலோகொக்கஸ் இனங்களிலிருந்து அது வந்தது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கடைசியாகக் கைமாறியது எங்கே, எந்த இனத்திலிருந்து என்பது ஒவ்வொரு வழியிலும் நிச்சயமில்லை; மனிதத் தோலிலுள்ள சாதுவான எபிடெர்மிடிஸ் இனத்தில்தான் பெரும்பாலும் சந்தேகம்.

உங்கள் கேள்விக்கு நேரே பதில் தருகிற இரண்டு ஆய்வுகள் உண்டு. 1960-களில் சேர்த்து வைத்த பழைய எம்ஆர்எஸ்ஏ கிருமிகளின் டிஎன்ஏயை வாசித்து 2017-ல் வெளியிட்டார்கள். மெக்ஏ ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸுக்குள் புகுந்தது 1940-களின் நடுவில் என்று வந்தது. மெதிசிலின் பிறக்க ஏறத்தாழப் பதினாலு வருடம் இருக்கும்போதே! அப்போது பாவனையில் இருந்தது சாதாரணப் பெனிசிலின்தான். அதுவே போதுமாக இருந்திருக்கிறது. 2022-ல் வந்த ஆய்வு இன்னும் பின்னே போகிறது. ஐரோப்பாவில் முள்ளெலிகளின் தோலில் ஒரு பூஞ்சணம் பெனிசிலின் மாதிரியான பொருளைச் சுரக்கிறது. அதோடு மல்லுக்கட்டி வாழ்ந்த ஸ்டெபிலோகொக்கஸில் மெக்சி என்ற ஒன்றுவிட்ட உறவு, மருந்துக் கம்பனிகள் தோன்றுமுன்பே இருந்திருக்கிறது. ஆகவே குளொக்சசிலினைக் காணாத வாப்பாவின் காலில் குளொக்சசிலினுக்குக் கேட்காத கிருமி இருப்பதில் முரண்பாடே இல்லை. அந்தக் கை வாப்பா பிறக்குமுன்பே நெய்து கொண்டிருந்தது.

இந்தக் கையைப் பற்றி எனக்கு ஒரு சொந்தப் பிழையும் ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில், குளொக்சசிலினின் உறவான ஒக்சசிலின் தோய்த்த சிறு காகித டிஸ்க்கைத் தட்டில் வைத்துத்தான் பார்ப்போம். டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம், அதற்குள்ளே ஊசிமுனை அளவில் நாலைந்து குடியேற்றம். வெளியிலிருந்து விழுந்த அழுக்கு என்று நினைத்து 'எஸ்' எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அழுக்கில்லை. மெக்ஏ எல்லாக் கலத்திலும் இருந்தாலும், அதை வேண்டிய அளவு வெளிக்காட்டுவது சிலவேளை இலட்சத்தில் ஒன்றுதான். பத்து நாள் கழித்து அதே நோயாளியின் சீழ் திரும்ப வந்தபோது வட்டமே இல்லை. பிறகுதான் செபொக்சிட்டின் டிஸ்க் எங்களுக்கு வந்தது. அது மெக்ஏயை நன்றாகத் தட்டி எழுப்பிவிடும்; 30 மைக்ரோகிராம் டிஸ்க்கைச் சுற்றி வட்டம் 21 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவு என்றால் எம்ஆர்எஸ்ஏ. உங்கள் ரிப்போர்ட்டிலும் செபொக்சிட்டின் என்றொரு வரி இருக்கும், பாருங்கள். குளொக்சசிலினுக்கு எழுதிய 'ஆர்' அதிலிருந்து வந்ததுதான். இன்னொன்று, இந்தச் சோதனைக்கு இன்கியூபேட்டர் 35 பாகையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எம்ஆர்எஸ்ஏ ஒளிந்துகொள்ளும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கரண்டும் போய்விட்டால் அறையே இன்கியூபேட்டர்தான். அந்த மாதங்களில் தெர்மாமீற்றரைப் பார்க்காமல் நான் ஒரு தட்டும் வாசித்ததில்லை.

எரித்ரோமைசினும் கிளிண்டமைசினும் சோடியாக வருகிறவை. ஏர்ம் என்ற பரம்பரையலகு, புரதம் செய்யும் இரைபோசோமில் ஒரு மெதைல் கூட்டத்தை ஒட்டி இரண்டு மருந்தையும் விலக்கிவிடும். சிலவேளை எரித்ரோமைசின் பக்கத்தில் இருந்தால்தான் அது விழிக்கும். அப்போது கிளிண்டமைசின் வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில 'டி' (D) எழுத்து மாதிரித் தெரியும். வட்டம் பெரிதாக இருந்தாலும் 'ஆர்' என்றுதான் எழுத வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் 'டி டெஸ்ட் பொசிட்டிவ்' என்று ஒரு ஓரத்தில் இருந்தால் அது இதுதான்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட பகுதி 'எஸ்' வரிகள். கோ-டிரைமொக்சசோல், பியூசிடிக் அசிட், லினேசொலிட், வன்கொமைசின் நாலும் இன்னும் கேட்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எம்ஆர்எஸ்ஏ என்றால் ஒன்றுக்கும் கேட்காது என்று அர்த்தமில்லை. இவற்றை டொக்டர்மார் தனித்தனிக் கவனத்தோடு பாவிப்பதற்கும் விகாரம்தான் காரணம். பியூசிடிக் அசிட் களிம்பை மாதக்கணக்கில் பூசினால், ஒரு புரதத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிய கிருமி மிச்சமாகும். ரிபாம்பிசின் என்ற இன்னொரு மருந்து என்றால் பத்துக் கோடிக்கு ஒன்று என்ற அளவில் தப்பும் கிருமி இருக்கும், அதனால் அதை இந்தக் கிருமிக்குத் தனியே கொடுக்கவே மாட்டார்கள். லினேசொலிட் கொஞ்சம் சுவாரசியம். அது தாக்குகிற இரைபோசோம் ஆர்என்ஏயின் பரம்பரையலகு கிருமியிடம் ஐந்தாறு பிரதிகள் இருக்கிறது. ஒன்றில் பிழை வந்தால் போதாது, பல பிரதிகளில் வர வேண்டும், அதனால் மெல்லத்தான் நழுவும். அப்படியிருந்தும் மருந்து சந்தைக்கு வந்து ஒரு வருடத்தில், 2001-ல், முதல் தப்பிய கிருமி வந்துவிட்டது. வன்கொமைசினுக்கு இரண்டு வழி. ஒன்று, பல சிறு விகாரங்கள் சேர்ந்து சுவரைத் தடிப்பாக்குவது. 1996-ல் ஜப்பானில் கண்டார்கள். மற்றது, குடலில் வாழும் என்டரோகொக்கஸிடமிருந்து வேன்ஏ என்ற பரம்பரையலகைக் கைமாற்றாக வாங்குவது. 2002-ல் மிச்சிகனில் அதைக் கண்ட நோயாளிக்கும் நீரிழிவுக் கால்புண்தான். பயப்பட வேண்டாம், அது இன்றும் உலகில் மிக அரிது.

சரி, நீங்கள் உண்டாக்கினீர்களா? நிச்சயமானதைச் சொல்கிறேன். மெக்ஏயை உங்கள் வீட்டில் யாரும் உண்டாக்கவில்லை. மெக்ஏயை ஏற்கெனவே சுமந்த ஒரு கிருமியாகத்தான் அது வாப்பாவிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வழியாகவோ ஊருக்குள் ஒரு கை வழியாகவோ. ரிப்போர்ட்டை வைத்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. டிஸ்க் சோதனை காட்டுவது கிருமியின் நடத்தையை, பிறந்த ஊரை அல்ல. சிப்ரோபிளொக்சசின் விகாரம் அந்த ஒரு கிழமைக்குள் வாப்பாவின் காலிலேயே எழுந்திருக்கலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிகளில் உலவும் பல எம்ஆர்எஸ்ஏ வம்சங்கள் அதை 1980-கள் தொட்டே சுமந்து வருகின்றன என்பதால், வந்தபோதே இருந்தது என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன். அந்த மாத்திரைகள் செய்த வேலை வேறு. சிப்ரோபிளொக்சசின் வியர்வையிலும் கசியும். தோலிலும் மூக்கிலும் இருந்த சாதுவான கிருமிகளைத் துடைத்துவிட்டு, எம்ஆர்எஸ்ஏக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கும். 'நாலு நாளில் நிறுத்தியதால்தான் வந்தது' என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. தேவையில்லாமல் நீண்ட நாள் குடிப்பதுதான் மருந்துக்குக் கேட்காத கிருமியை அதிகம் தெரிவு செய்யும் என்று 2017-ல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலேயே வாதிட்டிருந்தார்கள். அதற்காக டொக்டர் தந்ததை நீங்களாக நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. பார்மசியில் டொக்டரின் துண்டில்லாமல் வாங்கியதுதான் பிழை, எத்தனை நாள் என்பதல்ல.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை இரண்டு. சீழை மேலால் ஸ்வொப்பில் ஒற்றி எடுத்தார்களா, சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுத்தார்களா என்று கேளுங்கள். மேலால் எடுத்ததில் தோலில் சும்மா குந்தியிருக்கும் கிருமியும் வரும், அதுதான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்புறம், வாப்பா வயல் சேற்றில் நிற்பவர், நீரிழிவும் இருக்கிறது என்பதை டொக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துச் சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற வேறொரு நோயின் கிருமியும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் அதையும் நினைத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா என்ற உம்மாவின் கேள்வி. தொற்றலாம், ஆனால் காற்றில் பறந்து வராது. கையாலும் துணியாலும்தான் வரும். புண்ணை மூடி வைத்து, கட்டு மாற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். வாப்பாவின் துவாயும் சவரக்கத்தியும் அவருக்கு மட்டும். கோப்பை பீங்கானைப் பிரித்து வைக்கத் தேவையில்லை, பேரப்பிள்ளைகளை அவரிடமிருந்து தள்ளி வைக்கவும் தேவையில்லை. மூன்று நாலு பேருக்கு ஒருவர் மூக்கில் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸைச் சுமந்துகொண்டு சுகமாகத்தான் திரிகிறார்கள். அதனால் எல்லாரும் மூக்கில் ஸ்வொப் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு என் பதில், இப்போது வேண்டாம். உங்களில் யாருக்காவது சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, யாருக்காவது சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாலோ, அப்போது டொக்டரிடம் இந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.